சஹீரின் கழுத்தில் ஓர் அட்டை

சாஜிதா பேகத்துக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் ஊற்றிய பாலை விரலால் தொட்டு வழித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே எடுத்துப் போவாள். வீட்டுக்கு வந்தவர்கள் மகனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்வாள். இரண்டாவது கேள்வி கேட்டால் டீ போடப் போவதுபோல எழுந்துவிடுவாள். இந்தக் குணம் அவள் பிறக்கும்போதே வந்ததல்ல. மகன் சஹீர் வளர வளர ஆளுக்கொரு மருந்தும் ஆளுக்கொரு தாயத்தும் கொண்டுவந்து கொடுத்தார்கள். எதுவும் பலிக்காதபோது, அவள் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் வந்த குணம்.

கோயம்புத்தூரின் பழைய பகுதியில், கடைவீதிகளுக்குப் பின்னால் நெளிந்து போகும் சந்து ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். அவள் கணவர் மைதீன் பிச்சை ஆட்டோவுக்கும் லாரிக்கும் சீட் தைக்கும் குஷன் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒரே மகன் சஹீருக்குத் தொண்ணூற்றெட்டாம் வருடத்தில் இருபத்திரண்டு வயது. நல்ல உயரம், அகன்ற தோள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவனிடம் ஒரு குறையும் தெரியாது. பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தால்தான் தெரியும். கேட்ட கேள்வியையே அவன் திருப்பிச் சொல்வான். தாகமெடுத்தால் அம்மாவிடம் வந்து, "தண்ணி வேணுமா கண்ணு?" என்பான். அவள் கேட்பது அப்படித்தானே, அதனால் தண்ணீருக்கு அதுதான் வார்த்தை என்று அவன் வைத்துக்கொண்டான். யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான். பின்னாலிருந்து யாராவது தொட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். விடாமல் பிடித்தால் கடிப்பான்.

அவனுடைய சந்தோஷமெல்லாம் சக்கரத்தில் இருந்தது. ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளைக் கண்டால் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பெடலைச் சுற்றுவான். பின்சக்கரம் வேகமெடுத்து, கம்பிகள் ஒன்றோடொன்று கலந்து வெளிச்சமாகிவிடும்போது அவன் முகம் மாறும். சந்து முனையில் சைக்கிள் கடை வைத்திருந்த மருதாசலம் இதைப் பார்த்துப் பழகியவர். தேய்ந்துபோன பால்ரஸ்களைத் தூக்கியெறியாமல் அவனுக்குக் கொடுப்பார். கடலையைவிடச் சின்னதாக இருக்கும் அந்த இரும்பு உருண்டைகளைச் சட்டைப் பையில் போட்டு உருட்டிக்கொண்டே சஹீர் நடப்பான். வீட்டில் அவற்றுக்குக் 'குண்டு' என்று பெயர். சின்ன வயதில் அவன் தானாகச் சொன்ன மிகச் சில சொற்களில் அதுவும் ஒன்று. முதன்முதலில் அதை அவன் சொன்ன அன்று சாஜிதா பேகம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்திருந்தாள்.

சஹீருக்கு இருப்பது என்ன என்று அவனுடைய பன்னிரண்டாம் வயதில் ஒரே ஒரு டாக்டர் பெயர் சொன்னார். வெளியூரிலிருந்து முகாமுக்கு வந்தவர். 'ஆட்டிசம்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அவள் அந்தச் சீட்டை எங்கே நீட்டினாலும், வாங்கிப் படித்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளியொன்றில் மட்டும் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அங்கே கவர் ஒட்டும் வேலை சொல்லிக் கொடுத்தார்கள். அவளே தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள்.

அந்தப் பள்ளியின் வாசல் பெஞ்சில்தான் அவளுக்குச் செல்லாத்தாள் பழக்கமானாள். பெருந்துறைப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். மகன் மனோஜ்குமாருக்காகத் தோட்டத்தைக் கொழுந்தன்மாரிடம் விட்டுவிட்டுப் புருஷனோடு கோவைக்குக் குடிவந்தவள். மனோஜும் சஹீரைப் போலத்தான், கேட்டதைத் திருப்பிச் சொல்கிற பிள்ளை. இரண்டு தாய்மாரும் பெஞ்சில் உட்கார்ந்து, பையன் என்ன சாப்பிட்டான், எதற்கு அழுதான், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஊரில் வேறு யாரோடும் அவர்கள் பேச முடியாத பேச்சு அது.

பிப்ரவரியில் ஊரில் குண்டுகள் வெடித்தன. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளில் வெடித்தன. செத்தவர்களின் பெயர்கள் நாள்தோறும் பேப்பரில் வந்துகொண்டிருந்தன. ஊரடங்கு தளர்ந்தபோது சந்தின் முனைகளில் மணல் மூட்டை அடுக்கிய செக்போஸ்ட்கள் முளைத்திருந்தன. சந்திலிருந்து இளவட்டங்களை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். சிலர் மறுநாளே வந்தார்கள், சிலர் வரவில்லை. சுவர்களில் தேடப்படுகிறவர்களின் போட்டோக்களை ஒட்டினார்கள்.

சாஜிதா பேகம் அன்றிலிருந்து இரண்டு காரியம் செய்தாள். தினமும் காலையில் புருஷனை விட்டுச் சஹீருக்கு முகம் மழிக்கச் செய்தாள். அடுத்ததாக, அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து எடுக்கப் பார்த்தாள். "பால்ரஸ்னு சொல்லு கண்ணு" என்பாள். "பால்ரஸ்னு சொல்லு கண்ணு" என்பான் அவனும். சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "குண்டு" என்பான்.

பள்ளிப் பெஞ்சிலும் பேச்சு குறைந்தது. செல்லாத்தாள் நகர்ந்து உட்காரவில்லை, ஆனால் முன்போல ஒட்டி உட்காரவும் இல்லை. ஒருநாள் அவள், "உங்க தம்பி பாலக்காட்டுல எங்கெ இருக்காருங்க?" என்று கேட்டாள். தம்பி இருக்கும் ஊர் இவளுக்கு எதற்கு? சாஜிதா பேகம் தெரியாது என்று சொல்லிவிட்டாள். கூடப்பிறந்தவனின் விலாசம் தெரியாது என்று எந்தப் பெண் சொல்வாள்? பொய் என்பது செல்லாத்தாளுக்கும் புரிந்திருக்கும். அதற்குப் பிறகு இருவரும் வெயிலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

தலைமையாசிரியர் கோவிந்தராஜுலு அந்தச் சமயத்தில்தான் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அரசாங்கம் கொடுக்கும் ஊனமுற்றோர் அடையாள அட்டையை உடனே எடுத்துவிடச் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் சர்டிபிகேட் வாங்கி, போட்டோ ஒட்டி, கலெக்டர் ஆபீஸில் கொடுத்தால் கிடைக்கும் என்றார். வழியில் யாராவது நிறுத்தினால் பையனால் பதில் சொல்ல முடியாது, அட்டை சொல்லும் என்றார். மனோஜ்குமாருக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டதாம்.

அவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். எடுக்கும் எண்ணம் இல்லை. மகனின் போட்டோவையும் வீட்டு விலாசத்தையும் தானே கொண்டுபோய் அரசாங்கத்தின் கையில் கொடுப்பதா? சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்கள் எங்கிருந்து போயின என்று யாருக்குத் தெரியும்? இத்தனை வருடம் சொல்லாதவர் இப்போது மட்டும் ஏன் சொல்கிறார்? அவரிடம் யாராவது வந்து கேட்டிருப்பார்களோ? மைதீன் பிச்சை, எடுத்துத்தான் வைப்போமே என்றார். அட்டை இல்லாதவரைக்கும் நம் பையன் யார் கண்ணிலும் படாமல் இருப்பான் என்று அவள் சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை. அரை நாள் பள்ளி முடிந்து சஹீரைக் கூட்டிவந்து சோறு போட்டுவிட்டு, அவள் கொல்லையில் துணி அலசப் போனாள். முன்கதவைத் தாழிட்டதாகத்தான் நினைத்தாள். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. சந்து முனைக்கு ஓடினாள். மருதாசலம் கடையை அப்படியே போட்டுவிட்டு எதிரே வந்துகொண்டிருந்தார்.

கடைவீதியில் ஒரு பேங்கின் முன்னால் சைக்கிள்கள் வரிசையாக நின்றிருக்கின்றன. சஹீர் ஒவ்வொன்றின் அருகிலும் குத்தவைத்து அடியில் கையை விட்டுக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார்கள். கூட்டம் சிதறி ஓட, போலீஸ்காரர்கள் ஓடிவந்து பின்னாலிருந்து அவனைப் பிடித்திருக்கிறார்கள். அவன் ஒருவர் கையைக் கடித்துவிட்டான். பிறகு என்ன நடந்தது என்பதை மருதாசலம் முழுவதும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

மைதீன் பிச்சை தலைமையாசிரியரைக் கூட்டிவர ஆட்டோவில் போனார். சாஜிதா பேகம் அந்தப் பழைய டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனாள்.

சஹீர் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. கைகளைத் துண்டால் கட்டியிருந்தார்கள். கட்டிய மணிக்கட்டைக் கடித்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் விரித்த பேப்பரில் அவனுடைய பால்ரஸ்கள் கிடந்தன. மேஜைக்குப் பின்னால் இருந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பல வாரம் தூங்காத கண்கள். அவருக்குப் பக்கத்தில் பாலுசாமி என்ற வயதான ஏட்டு, கையில் மஞ்சள் பத்துப் போட்ட கட்டோடு நின்றிருந்தார். கடிபட்டவர் அவர்தான்.

"பேரு கேட்டா, பேரு என்னன்னு என்னையே கேக்கறான். இது என்னடான்னு கேட்டா, குண்டுன்னு சொல்றான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "வெடிச்சுச் சிதறறதுக்குக் குண்டுக்குள்ள வெக்கற சரக்கு எதுன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

சாஜிதா பேகம் எல்லாவற்றையும் சொன்னாள். பால்ரஸ், சக்கரம், மருதாசலம், சின்ன வயதில் அவன் சொன்ன முதல் சொற்கள் எல்லாம். சொல்லச் சொல்ல, தான் சொல்வது பொய்போல ஒலிப்பது அவளுக்கே கேட்டது. தன் வீட்டு வாசலில் நின்று யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருக்க மாட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். இப்படி ஒரு சீக்கைத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார். பிடிபட்ட பையன்களில் பாதிப் பேருக்கு அம்மாமார்கள் மூளை சரியில்லை என்றுதான் சொல்கிறார்கள் என்றும் சொன்னார்.

"நெசமாவே அப்படின்னா கவர்மென்ட்டுல கார்டு குடுப்பாங்களே. அது எங்க?"

எடுக்கவில்லை என்றாள். ஏன் எடுக்கவில்லை என்றார். அதற்கு அவள் எதைச் சொல்வாள்? உங்களுக்குப் பயந்துதான் என்று ஸ்டேஷனிலேயே நின்று எப்படிச் சொல்வது? அவள் தயங்கியதை அவர் கவனித்தார். அந்தத் தயக்கமும் அவருடைய சந்தேகத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

கோவிந்தராஜுலு வந்து, பள்ளியின் ஆஜர்ப் பதிவேட்டைக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார், ஆனால் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் இருப்பதால் பையன் நடிக்கவில்லை என்று ஆகிவிடாது என்றார். வீட்டைச் சோதனை போட இரண்டு பேரை அனுப்பினார். மைதீன் பிச்சை சாவியை எடுத்துக்கொண்டு அவர்களோடு போனார்.

அப்போதுதான் வாசலில் இன்னொரு ஆட்டோ நின்று, செல்லாத்தாள் மகனைக் கையில் பிடித்தபடி இறங்கினாள். அவள் வீடு தலைமையாசிரியர் வீட்டுக்கு எதிர்வீடு. மைதீன் பிச்சை வந்து பதறியது அவள் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் அவளைக் கண்டதும் சாஜிதா பேகத்தின் மனது முதலில் போனது பாலக்காட்டுத் தம்பிக்குத்தான். இவள் எதையோ சொல்லிக்கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று உறுதியாக நினைத்தாள்.

செல்லாத்தாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேஜைக்கு வந்து, இடுப்பில் செருகியிருந்த மணிபர்ஸிலிருந்து மனோஜ்குமாரின் அட்டையை எடுத்து வைத்தாள்.

"ஏனுங்க, எம்பையங்கிட்டயும் பேரைக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மனோஜிடம், "உன் பேரென்னப்பா?" என்றார்.

"உன் பேரென்னப்பா?" என்றான் மனோஜ், அவர் கேட்ட அதே ஏற்ற இறக்கத்தோடு, மேஜை விளிம்பைப் பார்த்தபடி.

அவர் குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். மனோஜும் குரலை உயர்த்தித் திருப்பிச் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் தலை நிமிர்ந்தார். பழகிய குரலைக் கேட்டோ என்னவோ, மூலையில் ஆடிக்கொண்டிருந்த சஹீர் நின்று, "பேரென்னப்பா?" என்றான். மனோஜ் அதையும் வாங்கிச் சொன்னான். ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் எடுத்தான். ஸ்டேஷனில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாலுசாமி ஏட்டு கட்டுப்போட்ட கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ரெண்டும் ஒரே சீக்கா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணேதானுங்க. இவங்கிட்ட அட்டை இருக்குதுங்க. அந்தப் பையங்கிட்ட இல்லீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள் செல்லாத்தாள்.

அது மட்டுமே வித்தியாசமில்லை என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சாஜிதா பேகத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல ஒரு ஆள் இருந்தாள்.

வீட்டுக்குப் போனவர்கள் ஸ்பஞ்சும் ரெக்சின் துண்டும் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்து சொன்னார்கள். பொழுது சாயும் வேளையில் சஹீரை அவிழ்த்து விட்டார்கள். அடுத்த மாதத்துக்குள் அட்டை எடுத்துக்கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பால்ரஸ்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சாஜிதா பேகம் கேட்கவும் இல்லை. சஹீர் மட்டும் வெறும் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

ஆட்டோவுக்காக நிற்கும்போது சாஜிதா பேகம் செல்லாத்தாளிடம் நன்றி சொல்லவில்லை. எதற்கு வந்தீர்கள் என்றுதான் கேட்டாள்.

போன மாதம் பஸ்ஸிலிருந்து மனோஜையும் இறக்கிவிட்டு விசாரித்தார்கள் என்றும், அட்டையைப் பார்த்த பிறகுதான் விட்டார்கள் என்றும் செல்லாத்தாள் சொன்னாள். அந்தக் கொஞ்ச நேரம் தன் உயிர் தன்னிடம் இல்லை என்றாள்.

"அம்மணி, பொய் சொல்லக் கூடாது. நானும் உங்களெச் சந்தேகப்பட்டேனுங்க. குண்டு வெடிச்ச அன்னிக்கு நீங்க பையனெப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வரலை. முன்னமே தெரிஞ்சிருக்குமோன்னு நெனச்சுப்போட்டேன்."

"அன்னிக்கு அவனுக்குக் காச்சலுங்க" என்றாள் சாஜிதா பேகம்.

"இருக்கும்" என்றாள் செல்லாத்தாள்.

அந்த 'இருக்கும்' என்ற சொல் சாஜிதா பேகத்தைச் சுட்டது. உடனே தம்பியின் விலாசம் எதற்கு என்று அவளும் கேட்டுவிட்டாள். பாலக்காட்டில் ஒரு வைத்தியரைத் தம்பி பார்த்ததாக நீங்கள்தானே சொன்னீர்கள், மனோஜைக் கூட்டிப்போகலாமென்று கேட்டேன் என்றாள் செல்லாத்தாள். தைப்பொங்கலுக்கு முன்பு அப்படி ஒரு பேச்சு வந்தது உண்மைதான். சாஜிதா பேகத்துக்கு இப்போதுதான் நினைவு வந்தது. 'இருக்கும்' என்று தன் மனதுக்குள்ளும் ஒரு குரல் சொன்னதை அவள் வெளியே விடவில்லை. தம்பியின் ஊரையும் தெருவையும் சொன்னாள்.

அட்டை எடுக்க அலைந்த கதை தனி. போட்டோ ஸ்டுடியோவில் சஹீர் கேமராவைப் பார்க்கவே இல்லை. ஒரு படத்தில் காது மட்டும் விழுந்தது, இன்னொன்றில் முதுகு. முகம் நேராக இல்லாவிட்டால் ஆபீஸில் வாங்க மாட்டார்கள் என்றார் போட்டோக்காரர். மைதீன் பிச்சை வெளியே போய், மருதாசலத்திடம் ஒரு சக்கரத்தை வாங்கி வந்து, கேமராவுக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டார். சஹீர் நிமிர்ந்து பார்த்தான். அந்த அட்டையிலிருக்கும் முகம்போல நிம்மதியான முகம் வேறெந்த அட்டையிலும் இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் சர்டிபிகேட் எழுதும்போது டாக்டர், 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதினார். சாஜிதா பேகம் பழைய சீட்டைக் காட்டி, இதைத்தானே எழுத வேண்டும் என்று கேட்டாள். டாக்டருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. ஆனால் சட்டத்தில் இருக்கும் ஊனங்களில் அது இல்லையம்மா, அதை எழுதினால் அட்டை கிடைக்காது என்றார். மகனுக்கு இருப்பது ஒன்று, அட்டையில் ஏறுவது ஒன்று. பொய்யான ஒன்றை எழுதி வாங்கினால்தான் உண்மையை நம்புவார்களாம். அவள் கையெழுத்துப் போட்டாள். இதிலும் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று வீடு வரும்வரை அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அட்டை வந்தது. அதை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. சட்டைப் பையில் வைத்துவிடலாம் என்றார் மைதீன் பிச்சை. அட்டையைக் காட்டு என்றதும் அவன் சட்டென்று பைக்குள் கையை விட்டால் எதிரே துப்பாக்கியோடு நிற்பவர் என்ன நினைப்பார் என்று கேட்டாள் அவள். தானே வைத்துக்கொள்ளலாம் என்றால், அவள் பக்கத்தில் இல்லாதபோதுதானே அட்டை தேவைப்படும். கடைசியில் மைதீன் பிச்சை தெளிவான பிளாஸ்டிக்கில் ஓர் உறை தைத்து, கழுத்தில் மாட்ட நாடா வைத்துக் கொடுத்தார். கழுத்தில் தொங்கினால் தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் படிப்பார்களே என்று அவளுக்கு மனம் கூசியது. பெயர், தகப்பன் பெயர், சந்தின் பெயர், குறையின் பெயர் எல்லாம் வெட்டவெளியில். ஆனாலும் மாட்டினாள்.

அதைக் காட்டப் பழக்கினாள். மைதீன் பிச்சை ஒரு ஆட்டோக்காரரின் காக்கிச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்பார். சஹீர் அவர் முன்னால் நின்று இரண்டு கையாலும் அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வேறெதையும் தொடக் கூடாது. ஓடக் கூடாது. வாரக்கணக்கில் இதே வேலை. கடைசியில் ஒருநாள், காக்கியைக் கண்டதும் அவன் கை தானாக அட்டைக்குப் போனது.

ஆனால் அவன் பிடித்துக்கொண்டது காக்கியை மட்டும்தான். ஆட்டோக்காரருக்குக் காட்டினான். பஸ்ஸில் கண்டக்டருக்குக் காட்டினான். தபால்காரர் சந்துக்குள் வரும்போதெல்லாம் முன்னால் போய் நின்றான். எதிரே நிற்கிறவர் படித்து முடித்ததுபோலத் தலையாட்டும்வரை நகர மாட்டான். தபால்காரர் பொறுமையாகப் படிப்பார். கண்டக்டர் ஒருவர் எரிந்து விழுந்தார். சாஜிதா பேகம் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு அடி தள்ளி நின்று கவனித்தாள். யார் பெயரைப் படிக்கிறார்கள், யார் குறையைப் படிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பெயரில் கண் நின்றால் ஒரு மாதிரி. கீழே இறங்கிக் குறைக்குப் போனால் வேறு மாதிரி.

சொன்னபடி ஸ்டேஷனில் காட்டப் போனபோது அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். பாலுசாமி ஏட்டுதான் வாங்கிப் பார்த்தார். சஹீரின் உதட்டில் இருந்த தழும்பையும் பார்த்தார். "அன்னிக்கே இது இருந்திருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். அவர் வருந்துகிறாரா, அல்லது பழியை அவள்மேல் போடுகிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அட்டை எல்லா இடத்திலும் வேலை செய்தது என்று சொல்ல முடியாது. ஆடி மாதத்தில் ஒரு செக்போஸ்ட்டில் புதிதாக வந்திருந்த போலீஸ்காரர் சந்தின் பெயரைப் படித்துவிட்டு, இந்தக் கார்டை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவர்களை வெயிலில் நிற்க வைத்தார். நெடுநேரம் கழித்துத்தான் விட்டார். ஆனால் அன்று யாரும் சஹீரைத் தொடவில்லை. அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் வழக்கம்போலச் சாப்பிட்டுத் தூங்கினான். சாஜிதா பேகம் வெகுநேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அட்டையால் தப்பித்தானா, அட்டையால்தான் நின்றானா என்று யோசித்துப் பார்த்தாள். இரண்டுமே சரியென்று பட்டது.

அடுத்த வருடக் கடைசியில் டில்லியில் புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறது, அதில் ஆட்டிசம் என்ற சொல் இருக்கிறது என்று கோவிந்தராஜுலு பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். அட்டையில் எழுத்தை மாற்றுவார்களா என்றுதான் அவள் முதலில் கேட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இப்போதைக்கு மாறாது என்றார் அவர். அப்படித்தான் இருக்கும் என்று தான் நினைத்ததாக அவள் சொன்னாள்.

செல்லாத்தாளோடு பெஞ்சில் மறுபடி பேச்சு வந்தது. பாலக்காட்டு வைத்தியம் மனோஜுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் சாஜிதா பேகத்தின் தம்பி அவர்களுக்குத் தன் வீட்டிலேயே தங்க இடம் கொடுத்து, வைத்தியர் வீட்டுக்கும் கூடவே போய் வந்திருக்கிறார். செல்லாத்தாள் அதைப் பலமுறை சொன்னாள். பழைய நெருக்கம் முழுக்கத் திரும்பியதா என்று கேட்டால், இல்லை. இருவரும் ஒருவரையொருவர் ஒருமுறை சந்தேகப்பட்டவர்கள் என்பது இருவருக்கும் தெரியும். அது தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

சந்து முனை செக்போஸ்ட்டில் சஹீர் இப்போதும் தினமும் நிற்பான். அங்கே இருப்பவர்களுக்கு அவனைத் தெரியும். தூரத்திலேயே போ போ என்று கையசைப்பார்கள். அவன் போக மாட்டான். அட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாராவது ஒருவர் எழுந்துவந்து அவன் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்தால், "சஹீர்" என்று அவனும் சொல்லிவிட்டு நடப்பான். பெயர் கேட்டால் பெயர் சொல்கிற பழக்கம் அவனுக்கு அப்படித்தான் வந்தது. போலீஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த வண்டியைப் பார்க்கத் திரும்புவார்கள். சாஜிதா பேகம் சிரிப்பதில்லை. பெயரைப் படித்தவர் துப்பாக்கியை எந்தத் தோளில் மாட்டியிருக்கிறார், கை எங்கே இருக்கிறது என்று பார்த்தபடி, மணல் மூட்டைகளைத் தாண்டும்வரை மகனுக்குப் பின்னாலேயே நடந்து போவாள்.